முந்திக்கொண்ட படம்

பரிசோதனை நடக்கும்போது அம்மாக்கள் உள்ளே இருக்கக் கூடாது என்பது அந்த மேடத்தின் சட்டம். அம்மா முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்துவிடுமாம். நானும் ஒரு டீச்சர்தான். காப்பியடிப்பதில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் என் மகனுக்குப் பேச்சுப் பயிற்சி. வாரத்துக்கு ஒரு நாள் மலையிலிருந்து கூட்டிக்கொண்டு வருவேன். அன்றைக்கு நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு உள்ளிருந்து மேடத்தின் குரல் மட்டும் கேட்டது. மாடு, பூனை, மணி, பந்து என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். பாயில் பரப்பி வைத்திருக்கும் பொம்மைகளில் இவன் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு “சபாஷ்” என்று சத்தம் வந்தது. பாதிக்குமேல் அந்த சபாஷ் நின்றுவிட்டது. கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு என் மகன் வெளியே ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டான். பின்னாலேயே மேடமும் வந்தார்.

“முதல் பாதி நல்லா எடுத்தாம்மா,” என்றார். “நடுவுல ரெண்டு மூணுக்குச் சும்மா உக்காந்து முழிச்சான். அப்புறம் கைக்கு வந்ததை எல்லாம் எடுக்கிறான். கடைசி வார்த்தைக்கு எழுந்தே வந்துட்டான். ஒவ்வொரு வார்த்தையையும் ரெண்டு தடவை கேட்டுப் பார்த்துட்டேன், அதே கதைதான்.”

“விளையாட்டுத்தனமா இருக்கும் மேடம்.”

“இல்லம்மா. முதல்ல வர்றதெல்லாம் தடிச்ச சத்தம் இருக்கிற வார்த்தைங்க. போகப் போக மெல்லிசான சத்தமா வரும். அதெல்லாம் அவனுக்கு விழலை. வெளி மெஷினை செக் பண்ணிட்டேன், நல்லா இருக்கு. உள்ள வச்சிருக்கிற கம்பி நகர்ந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு.”

நகர்ந்திருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். சென்னையில் ஸ்கேன் எடுப்பார்களாம். தேவைப்பட்டால் மறுபடியும் திறப்பார்களாம். என் எதிரிலேயே சென்னை டாக்டருக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் அட்மிஷன் என்று முடிவும் செய்துவிட்டார். மனசைத் தயார் பண்ணிக்குங்க என்றார். தயார் பண்ணிக்கொள்ள அது என்ன இட்லி மாவா?  பையனைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகப் போகும் மலை பஸ்ஸில் ஏறினேன்.

என் மகன் பிறவியிலேயே காது கேட்காதவன். தெரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அரசாங்கக் காப்பீட்டில் சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். காதுக்குள்ளே ஒரு மெல்லிய கம்பி. வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். அதிலிருந்து வரும் வட்டம் காந்தம்போலத் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஆபரேஷன் முடிந்தால் கேட்டுவிடும் என்று எல்லோரையும்போல நானும் நினைத்திருந்தேன். கேட்பது வேறு, எந்தச் சத்தம் எதனுடையது என்று தெரிவது வேறு. அதை ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆபரேஷனன்று தியேட்டர் வாசலில் அவனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. எந்த அம்மாவும் அந்த இடத்தில், “ஒண்ணுமில்லடா கண்ணு, இதோ வந்துடுவ” என்று சொல்லி அனுப்புவாள். என்னால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவனுக்குக் கேட்காது. பச்சைத் துணிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே போனான். மறுபடியும் அந்த வாசலுக்கா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. வெள்ளிமலையில் இறங்கும்போது எனக்கு ஜுரம் வந்ததுபோல இருந்தது.

நான் கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு கீழே போய்வருவார். எங்களுக்கு எல்லா வசதியும் உண்டு, டவர் மட்டும் கிடையாது. போன் பேச வேண்டுமென்றால் கீழே ரோட்டு வளைவு வரைக்கும் நடக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் பயிற்சி போதாது, தினமும் வேண்டும் என்பதால் மேடமே ஒரு வழி சொன்னார். என் போனில் தன்னை வீடியோ எடுக்கச் சொன்னார். அட்டையால் வாயை மறைத்துக்கொள்வார், ஒரு பெயரை இரண்டு முறை சொல்வார், சற்று நிறுத்தி, மேஜைக்கு அடியிலிருந்து அந்தப் பொம்மையைத் தூக்கிக் காட்டுவார். முதலில் காது, அப்புறம் கண். அதுதான் அவர் முறை. வாயசைவு தெரிந்துவிட்டால் பிள்ளை காதை உபயோகப்படுத்தாது என்பார். அதே பொம்மைகள் ஒரு பை நிறைய நாங்களும் வாங்கி வைத்துக்கொண்டோம். இரண்டாம் பாதியில் வருகிற முயல், சிங்கம், ரயில், கப்பல், குதிரை, தொப்பி எல்லாம் எங்கள் மலைப்பக்கம் அன்றாடம் பேச்சில் அடிபடாத சாமான்களாகப் பார்த்துப் பொறுக்கியது. வேறெங்கும் கேட்டிருக்க மாட்டான், இதில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று.

வீடியோவைப் போனில் காட்டினால் விரலால் தள்ளித் தள்ளி வேறெங்கோ போய்விடுவான். வீட்டில் இருப்பது பழைய பெட்டி டிவி. கூடவே பென் டிரைவ் சொருகும் டிவிடி பிளேயர். அந்த பிளேயருக்குப் போன் வீடியோ பிடிக்காது. ‘இந்த ஃபைலை ஓட்ட முடியாது’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ போடும் ஒரு கடையில் கொடுத்து, பழைய பிளேயரில் ஓடுகிற மாதிரி மாற்றி வாங்கிக்கொண்டோம். ஓட ஆரம்பித்ததும் நான் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது மேடத்தின் இன்னொரு சட்டம். முதல் சில நாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மாடு என்றார், மாடு வந்தது. மணி என்றார், மணியை ஆட்டிக் காட்டினார், கணீரென்று கேட்டது. திருப்தியாக அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் தினமும் அந்தக் குரல் எனக்கு அடுப்படியில் கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பரிசோதனை முடிந்து வந்த மறுநாள் சாயங்காலம், பழக்க தோஷத்தில் பையன் தானே பென் டிரைவைச் சொருகி உட்கார்ந்துகொண்டான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அழுவதற்கு அன்றைக்கு வெங்காயம் ஒரு சாக்கு. உள்ளே மேடம் “ரயில்… ரயில்” என்றார். இந்த ரயில்தானே இவனுக்கு விழவில்லை என்று ஆத்திரத்தோடு எட்டிப் பார்த்தேன். திரையில் மேடம் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கப்பலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் காது கோளாறோ என்று முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டேன். ரயில் என்ற சத்தம், கப்பல் வந்தது. வாயை அட்டை மறைத்திருந்ததால் சத்தமும் வாயும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும் வழியில்லை. கடைசியில் தொப்பியைக் காட்டி முடித்துப் படம் கறுப்பாகிவிட்டது. அந்தக் கறுப்புத் திரையிலிருந்து மேடம் “தொப்பி… தொப்பி” என்றார். படம் முன்னே ஓடிவிட்டது, சத்தம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

லோடு இறக்கிவிட்டு வந்த கணவரிடம் போட்டுக் காட்டினேன். வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பார்த்தார்.

“அதுக்கு இன்னா இப்போ?” என்றார்.

“இன்னாவா? தப்பான வீடியோவ வெச்சிக்கினு இத்தினி நாளா சொல்லிக் குடுத்துக்கினு இருந்திருக்கோம். அவன் எப்படிங்க சரியா எடுப்பான்?”

“தப்போ சரியோ, காது கேக்கற புள்ளயா இருந்தா ஒண்ணு ரெண்டாவது புடிச்சிருக்க மாட்டானா? அவ்ளோ பெரிய மெஷின்லாம் வெச்சிக்கினு பாக்கறவங்க சொல்றாங்கோ, நீ டிவி பொட்டிய குத்தம் சொல்லிக்கினு இருக்கிற.” சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “எனக்கும் ஆசதான், பொட்டி மேலதான் தப்பா இருக்கணும்னு,” என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்குமேல் அவரிடம் சண்டை போட முடியவில்லை.

வளைவு வரைக்கும் இறங்கிப்போய் மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் தன்னிடமிருந்த பிரதியைப் போனில் ஓட்டிப் பார்த்தார். “நல்லாதானேம்மா ஓடுது? ரயில்னா ரயில்தான் வருது,” என்றார். உண்மைதான், போனில் எல்லாம் சரியாகவே இருந்தது. டிவிக்காக மாற்றியதில்தான் கோளாறு என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “இந்த நிலைமையில எல்லா அம்மாவும் ஏதாவது ஒரு காரணம் தேடுவாங்க. நான் தப்பா நினைக்கலை. ஆனா அட்மிஷனைத் தள்ளிப் போடாதீங்க,” என்றார். சரியான வீடியோவைப் போட்டுச் சொல்லிக் கொடுத்து, அட்மிஷனுக்கு முன்னால் அவன் ஒன்றிரண்டையாவது சரியாக எடுத்தால் தள்ளிப்போடலாமா என்று கெஞ்சினேன். முயற்சி பண்ணிப் பாருங்க என்றார். நான் மார்க் போட முடியாத பிள்ளையின் அப்பாவிடம் இப்படித்தான் பேசுவேன்.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் வயசுதான் இருப்பார். முகூர்த்த சீசன். அவர் கம்ப்யூட்டரில் யாரோ ஒரு மாப்பிள்ளை திரும்பத் திரும்பத் தாலி கட்டிக்கொண்டிருந்தார்.

“சத்தம் பின்னாடி வருதா? அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மேடம். சத்தத்த கொஞ்சம் முன்னாடி இஸ்துட்டா போச்சு,” என்று நிமிஷமாக இழுத்துவிட்டுக் கொடுத்தார்.

மலைக்குக் கொண்டுபோய், பையன் தூங்கும்போது நான் மட்டும் போட்டுப் பார்த்தேன். ரயிலுக்கு ரயில் வந்தது. கும்பிடலாம்போல இருந்தது. ஆனால் ஆரம்பத்துக்குப் போனால் மாடு கெட்டுப்போயிருந்தது. முன்பு சரியாக இருந்த முதல் பாதியில் இப்போது சத்தம் முன்னால் ஓடியது. அவனுக்குத் தெரிந்த நாலு சொல்லையும் பறித்துக்கொள்கிற வேலை அது. பென் டிரைவைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். நல்லவேளை, அது உடையவில்லை.

மறுபடியும் கீழே இறங்கினேன். இந்தத் தடவை கடைக்காரர் வேறு வித்தை செய்தார். சத்தத்தின் நீளம் படத்தைவிட ஜாஸ்தியாக இருக்கிறது, அதை அமுக்கிப் படத்தின் நீளத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார். அங்கேயே போட்டுக் காட்டச் சொன்னேன். தலையும் வாலும் ஒத்துப்போனது. நடுவில் எல்லாம் முன்னே பின்னே போயிருந்தது. அதோடு மேடத்தின் குரல் கீச்சென்று மாறிவிட்டது. என் மகனுக்குத் தெரிந்த ஒரே குரல் அது.

“இது ஆவாதுங்க,” என்றேன்.

“மேடம், கல்யாண வீடியோல யாரு சத்தத்தப் பாக்கறா? மேல பாட்டு போட்டுடுவோம். இத்தினி வருசத்துல ஒருத்தரும் வந்து கேட்டதில்ல. நீங்க ஒருத்தர்தான்…”

“எங்க வூட்ல கல்யாணம் நடக்கலைங்க!” என்று கத்திவிட்டேன். கடைக்கு ஆல்பம் வாங்க வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. “அடுத்த வாரம் என் புள்ள தலைய மறுபடியும் திறக்கப் போறாங்க. இந்த வீடியோவ நம்பித்தான் உக்காந்திருக்கேன். நீங்க பாட்டு போட்டு மூடுற விஷயமில்ல இது.” சொல்லச் சொல்லவே அழுகை வந்துவிட்டது. அவர் மாப்பிள்ளையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இரண்டு பேருமாக முதலில் மாற்றிய வீடியோவை ஆரம்பத்திலிருந்து பார்த்தோம். பரீட்சைத் தாள் திருத்துகிறவளுக்கு இந்த வேலை புதிதில்லை. தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி தீர்ந்த மாதிரி. மாடு சரி. பூனை சரி. பந்து சரி. அப்போது படத்தில் கீழே ரோட்டிலிருந்து பஸ் ஹார்ன் விடாமல் அடித்தது. மேடம் எரிச்சலோடு எழுந்து ஜன்னலைச் சாத்தினார், ஃபேனையும் நிறுத்தினார். பிள்ளைக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான். சாத்திய சத்தம் சரியான நேரத்தில்தான் கேட்டது. அடுத்து முயல்: சத்தம் கொஞ்சம் பிந்தி, பொம்மையைக் கீழே வைத்த பிறகு வந்தது. சிங்கம் இன்னும் பிந்தியது. ரயில் வரும்போது ஒரு பொம்மை அளவு பின்தங்கிவிட்டது.

“ஜன்னல் சாத்தினதுக்கு அப்புறம்தான் எல்லாம் போவுது,” என்றேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். “இருட்டாயிடுச்சு மேடம். வெளிச்சம் கம்மியானா போன் படம் எடுக்கறதையும் கம்மி பண்ணிடும்,” என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வீடியோ என்பது வரிசையாக அடுக்கிய போட்டோக்கள். வெளிச்சத்தில் போன் சரசரவென்று எடுக்கும், இருட்டில் நிதானமாக எடுக்கும். எந்தப் போட்டோ எந்த நேரத்தில் எடுத்தது என்று போன் கூடவே குறித்து வைத்துக்கொள்ளும். இவர் கடையில் மாற்றும் சாஃப்ட்வேர் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் போட்டுவிடும். போட்டோ குறைவாக இருக்கும் இடத்தில் படம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சத்தம் மட்டும் அதன் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் மொத்தமாக இழுத்தாலும், மொத்தமாக அமுக்கினாலும் சரிவரவில்லை.

அப்புறம் அவர் சாஃப்ட்வேரின் உள்ளே எங்கெங்கோ போய்த் தேடினார். ஒரு மூலையில், போட்டோக்களை எடுத்த நேரப்படியே அடுக்கு, இடையில் காலியாக இருக்கும் இடத்துக்கு முந்தின போட்டோவையே திரும்பப் போட்டு நிரப்பு என்ற அர்த்தத்தில் ஒன்று இருந்தது. அதைத் தட்டிவிட்டு, என் போனிலிருந்து வீடியோவைப் புதிதாக எடுத்து மாற்றினார்.  ஓட்டிப் பார்த்தோம். ரயிலுக்கு ரயில், கப்பலுக்குக் கப்பல். தொப்பி என்றார், தொப்பியைக் காட்டினார், கையசைத்தார், படமும் சத்தமும் ஒன்றாக நின்றது. “வுட்டேனா பார்,” என்று கடைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். நான் பென் டிரைவை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

மறுநாள் மத்தியானம் பையனை உட்கார வைத்தேன். இந்தத் தடவை மேடத்தின் சட்டத்தை மீறினேன். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பொம்மைப் பையைத் தன் எதிரில் கொட்டிக்கொண்டான். மாடு என்றதும் படத்தில் வருவதற்கு முன்னாலேயே மாட்டைத் தூக்கிப் பிடித்தான். இப்படித் தினமும் செய்கிறானா என்று எனக்குத் தெரியாது. நான்தான் பார்த்ததே இல்லையே. பூனை, மணி, பந்து எல்லாவற்றையும் தூக்கினான். மேடம் ஜன்னலைச் சாத்தினார். முயலுக்கும் சிங்கத்துக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேடம் “ரயில்” என்றார். இவன் கப்பலைத் தூக்கினான்.

திரையில் ரயில் வந்தது. பையன் திரையைப் பார்த்தான், கையைப் பார்த்தான். எனக்கு அப்போது வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. வீடியோவைச் சரிபண்ணியும் புண்ணியமில்லை, நிஜமாகவே கேட்கவில்லை, மேடம் சொன்னதுதான் சரி என்று முடிவே கட்டிவிட்டேன். மேடம் “கப்பல்” என்றார். இவன் குதிரையைத் தூக்கினான். திரையில் கப்பல் வந்ததும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து டிவிக்குக் கிட்டே போய், குதிரையைத் திரையில் டொக் டொக்கென்று தட்டி, “ஆ! ஆ!” என்று கத்தினான். மேடத்தைத் திட்டினான். நீ தப்பாகக் காட்டுகிறாய், இதைக் காட்டு என்று திட்டினான்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைக்கு வந்ததை எடுக்கவில்லை இவன். நாங்கள் தினமும் போட்டுக் காட்டிய தப்பு வீடியோவில் முயல், சிங்கம் என்ற சத்தம் பொம்மையைக் கீழே வைத்த பிறகுதான் வந்தது; ரயில் என்ற சத்தத்துக்குக் கப்பல்தான் வந்தது. கப்பல் என்ற சத்தத்துக்குக் குதிரைதான் வந்தது. எந்தப் பிசகும் இல்லாமல் அப்படியே கற்று வைத்திருக்கிறான். கேட்காத பிள்ளையால் அது எப்படி முடியும்? ஓடிப்போய் டிவியை நிறுத்தினேன். அவனை வாரி அணைத்து, மெஷினிலிருந்து வரும் அந்த வட்டத்தின் மேலேயே முத்தம் கொடுத்தேன். அது கழன்று விழுந்துவிட்டது. அவன் இன்னும் கோபம் தீராமல் என்னைத் தள்ளினான்.

அன்று மீதிப் பொழுது முழுக்க எனக்கு ஒரே ஒரு பயம்தான். இவன் தப்பை மறந்துவிடக் கூடாதே. சரியான வீடியோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டானே, குழம்பிப்போயிருப்பானோ என்று தவித்தேன். பென் டிரைவை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தேன். பொம்மைப் பையைப் பரண்மேல் போட்டேன். கணவரிடம் சொன்னதும் அவர் போய், மறுநாள் ஏற்ற வேண்டிய லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டுவிட்டு வந்தார்.

காலையில் பிக்கப்பிலேயே கீழே இறங்கினோம். மேடம் வேறு பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். முடியும் வரைக்கும் பெஞ்சில் இருந்தோம். உள்ளே கூப்பிட்டதும் வணக்கம்கூட வைக்காமல் ஆரம்பித்தேன்.

“மேடம், போன தடவை கேட்ட மாதிரியே கேளுங்க. அவன் இன்னா எடுப்பான்னு நான் முன்னாடியே சொல்லிட்டுப் போறேன். ரயில்னா கப்பல் எடுப்பான். கப்பல்னா குதிரை. குதிரைன்னா தொப்பி. தொப்பின்னு சொன்னீங்கன்னா எதையும் எடுக்க மாட்டான், எழுந்து என்கிட்ட வந்துடுவான். எங்க வூட்ல அந்த வார்த்தை வர்றப்போ படம் முடிஞ்சு டிவி கறுப்பாயிடும், உடனே அவன் எழுந்து அடுப்படிக்கு என்கிட்ட ஓடிவருவான். நான் கதவைச் சாத்திக்கினு வெளிய நிக்கறேன். என் முகத்தைப் பார்த்துட்டான்னு யாரும் சொல்ல வேணாம்.”

மேடம் ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கணவர் மாடிப்படியில் நின்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

மாடு. சபாஷ். பூனை. சபாஷ். மணி, பந்து வரைக்கும் கேட்டது. முயலுக்கும் சிங்கத்துக்கும் சபாஷ் இல்லை. ரயில் என்றார். உள்ளே சத்தமே இல்லை. சற்று நேரம் கழித்துக் கப்பல் என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. குதிரை என்றபோது அந்தக் குரல் நடுங்கியதா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா தெரியவில்லை. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்ததே கிடையாது.

“தொப்பி,” என்றார் மேடம்.

கதவு திறந்தது. என் மகன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான்.

திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். மேடம் பாயிலேயே உட்கார்ந்திருந்தார். அட்டை கீழே கிடந்தது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் சென்னைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், அந்த அட்மிஷனைக் கேன்சல் பண்ணிடுங்க,” என்றார். “ஆமா சார், இப்பவும் டெஸ்ட் பண்ணேன். கடைசியில வர்றதெல்லாம் தப்பாதான் எடுக்கிறான். ஒண்ணு விடாம எல்லாமே தப்பு சார். அதான் சார் சொல்றேன், அவனுக்குக் காது கேக்குது.”